வெங்காயத் தோலுக்குள் ஓடியது என்ன?

“மருத்துவ சீட் கிடைக்கலைன்னா இவ வாழ்க்கையே போச்சு சார்” என்று கண்கலங்கினார், மகளை அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று என்னிடம் கேட்க வந்த அம்மா. கூட வந்த பெரியப்பா, “கடன் வாங்கியாவது சேர்த்துடலாம்” என்றார். பெண் வாய் திறக்கவில்லை. உயிரியலில் எது பிடிக்கும் என்று கேட்டேன். “வெங்காயத் தோலை மைக்ரோஸ்கோப்ல வெச்சா உள்ளே குட்டிக் குட்டித் துகள் ஓடும் சார். எது மேல ஓடுதுன்னுதான் யாரும் சொல்லலை.”

அம்மா, ஐயா, ஆறுதல் போதும். இப்படிக் கேட்கிற பிள்ளைக்காக வீட்டை அடகு வைத்து மருத்துவ சீட் வாங்காதீர்கள். மறுபடி தேர்வு எழுதுவது, பல் மருத்துவம், நர்சிங் எல்லாம் உங்களுக்கே தெரியும், அவற்றை விடுகிறேன். நான் சொல்வது தாவர செல் உயிரியல்.

அந்தத் துகள்கள் ஓடுவது ஆக்டின் என்னும் மெல்லிய புரத இழைகள் மேல். இழுத்துப் போவது மயோசின் என்னும் புரதம். பக்கத்திலேயே இன்னொரு வகை உண்டு: சுமார் 25 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குழல்கள். இரண்டையும் சேர்த்துச் செல்லின் எலும்புக்கூடு என்கிறோம், ஆனால் எலும்புபோல நிலைத்து நிற்பதில்லை. ஓயாமல் வளரும், கரையும். தாவர செல் நீரழுத்தத்தால் எல்லாப் பக்கமும் உப்பப் பார்க்கும். பீப்பாயைச் சுற்றிய வளையம்போல் செல் சுவரில் குறுக்கே படிந்த செல்லுலோஸ் நார்கள் அதை அடக்கி, நீளவாக்கில் மட்டும் வளரவிடுகின்றன. வளையம் எந்தத் திசையில் விழ வேண்டும் என்று தடம் காட்டுபவை நுண்குழல்கள். கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருளைக் கொடுத்து அவற்றைக் கலைத்தால், நீள வேண்டிய செல் பந்தாகிவிடும். (செங்காந்தள் கிழங்கில் உள்ள அதே பொருள், மூட்டுவலி மருந்தாகவும் பயன்படுகிறது. ஐயாவுக்கு மருத்துவம்தான் வேண்டுமென்றால் இதிலும் கொஞ்சம் இருக்கிறது!) 1963இல் லெட்பெட்டர், போர்ட்டர் என்ற இரு விஞ்ஞானிகள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தாவர நுண்குழல்களைக் காட்டினார்கள். செல்லுலோஸை உருவாக்கும் நொதி அந்தத் தடத்தில் நகர்வதை உயிருள்ள செல்லிலேயே படம்பிடிக்க 2006 ஆயிற்று.

இதில் வேலை உண்டா? பருத்தி இழை ஒவ்வொன்றும் ஒற்றைச் செல்தான். அது நீள்வதும் இந்த எலும்புக்கூட்டால்தான். டைநைட்ரோஅனிலின் வகைக் களைக்கொல்லிகள் நுண்குழல்கள் உருவாவதையே தடுக்கின்றன. விதை ஆராய்ச்சி, பயிர்ப் பாதுகாப்பு, நுண்ணோக்கிப் படப் பகுப்பாய்வு என்று இடம் இருக்கிறது. ஆனால் பாதை நீளம், சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். அதை மறைக்க மாட்டேன்.

செலவில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இளநிலைக்குக் கட்டணம் குறைந்த கல்லூரி போதும். மாணவர் கையில் மைக்ரோஸ்கோப்பைத் தருகிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். உதவித்தொகை இல்லாத முனைவர் படிப்பில் சேர்க்கவே வேண்டாம். இப்போதே பைதான் என்னும் கணினி நிரல் மொழியைக் கற்கட்டும். ஆயிரம் இழைகள் நகரும் காணொளியைக் கண்ணால் எண்ணி முடியாது.