இரண்டு ஊசி போட்டும் பொன்னுக்கு வீங்கியா?

கேள்வி: புதுச்சேரியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் மகளுக்கு வயது 20. சனி, ஞாயிறு கடலூர் வந்திருந்தாள். திங்கள் காலை இடது காதுக்குக் கீழே வீங்கிவிட்டது. ஹாஸ்டலில் இன்னும் மூன்று பேருக்கு இருக்கிறதாம். ஐந்து வயதுக்குள் எம்.எம்.ஆர். இரண்டு தவணையும் போட்டாயிற்று. ரத்தப் பரிசோதனையிலும் ‘இல்லை’ என்றே வந்திருக்கிறது. அப்படியானால் இது என்ன?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பொன்னுக்கு வீங்கியாகவே இருக்கும். எம்.எம்.ஆர். என்பது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்த ஊசி. இதில் தட்டம்மை, ரூபெல்லா பாதுகாப்பு நெடுங்காலம் நிற்கும்; பொன்னுக்கு வீங்கிக்கான பாதுகாப்புதான் நோஞ்சான். இரண்டு தவணைக்குச் சுமார் 86 சதவீதப் பாதுகாப்பு, அதுவும் ஆண்டு போகப் போகத் தேயும். உங்கள் மகளுக்குக் கடைசி ஊசி போட்டு 15 ஆண்டாகிறது. ஒரே அறையில் நாலு கட்டில், கைமாறும் தண்ணீர் பாட்டில் என்று கிருமி திரும்பத் திரும்ப உள்ளே போனால் மிச்சமிருக்கும் எதிர்ப்பு தாங்காது. 2006-ல் அமெரிக்காவில் 6,500 பேருக்கு மேல் வந்தபோதும் கல்லூரி மாணவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். அவர்களில் பலர் இரண்டு ஊசியும் போட்டவர்கள். ஆனாலும் ஊசி வீண் இல்லை. மூளைக்காய்ச்சல், ஆண்களுக்கு விரைவீக்கம் போன்றவை ஊசி போட்டவர்களுக்குக் குறைவு.

வீக்கம் காது மடலைத் தூக்கி நிறுத்தும். தடவினால் தாடை எலும்பின் முனை தட்டுப்படாது. ஊறுகாயை நாக்கில் வைத்தாலே சுரீர் என்று இழுக்கும். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். பரிசோதனை, ஊசி போட்டவர்களுக்கு ‘இல்லை’ என்று ஏமாற்றுவது சகஜம். வீங்கிய மூன்று நாளுக்குள் காதடியை 30 விநாடி அழுத்தித் தேய்த்துவிட்டு, கன்னத்தின் உட்புறம் மேல் கடைவாய்ப் பக்கம் பஞ்சுக்குச்சியால் எடுத்துக் கிருமியையே தேடும் ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை அதைவிட மேலானது. அதிலும் வராவிட்டால் அறிகுறியைத்தான் நம்ப வேண்டும்.

வீங்கிய நாளிலிருந்து ஐந்து நாள் தனி அறை, தனி டம்ளர். பஸ் ஏற்றி ஹாஸ்டலுக்கு அனுப்பாதீர்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் வேண்டாம். புளிப்பைத் தவிர்த்துக் கஞ்சி கொடுங்கள். கழுத்து விறைப்போடு தலைவலி, ஓயாத வாந்தி, கடும் வயிற்றுவலி, காது மந்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரி. தங்கச் சங்கிலி போட்டுவிடுவதில் கெடுதல் இல்லை. வீக்கம் எப்படியும் பத்து நாளுக்குள் வடிந்துவிடும், பெயர் மட்டும் சங்கிலிக்கு.

கேள்வி: அவள் தம்பிக்கு 8 வயது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லா ஊசியும் போட்டோம். அவனுக்குப் பயமில்லையே?

பதில்: அட்டையை எடுத்துப் பாருங்கள். ‘எம்.ஆர்.’ என்று மட்டும் இருந்தால் அது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான். பொன்னுக்கு வீங்கி அதில் சேர்த்தி இல்லை. குழந்தை மருத்துவரிடம் நான்கு வார இடைவெளியில் இரண்டு எம்.எம்.ஆர். போடலாம். வீங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பரவும் என்பதால், சனிக்கிழமையே அவனுக்குத் தொற்றியிருந்தால் இப்போது போடும் ஊசி அதைத் தடுக்காது. 25 நாள் வரை கன்னத்தைக் கவனித்து வாருங்கள். ஹாஸ்டல் தோழிகள் மூன்றாவது தவணை பற்றிக் கேட்டால், பரவல் நடக்கும் இடத்தில் அது பயன் தரும், கர்ப்பிணிகளுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கும் கூடாது என்று சொல்லுங்கள். வார்டனுக்கு இன்றே தகவல் சொல்லிவிடுங்கள்.