வீட்டின் பின்னால் கட்டிய சிறு மீன் தொட்டியில் மீன்கள் ஏன் தங்குவதில்லை?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: தெஹிவளையில் வீட்டின் பின்புறம் சீமெந்துத் தொட்டி கட்டி இரண்டு முறை மீன் விட்டீர்கள். இரண்டு முறையும் பத்து நாளுக்குள் பாதிக்கு மேல் செத்துவிட்டன. நீர் பச்சையாகிறது. ‘வாரந்தோறும் கழுவியும் பயனில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘கழுவியும்’ என்ற சொல்லைக் ‘கழுவுவதால்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

இதைக் கெட்டிக்காரத்தனமாகச் சொல்லவில்லை. நானும் தேய்த்துத் தேய்த்தே மீன்களைக் கொன்றவன்தான்.

வெள்ளவத்தையில் ‘பின்வளவு’ என்பதே கொஞ்சம் பெரிய பேச்சு. எங்களுடையது துணி காயப்போடும் கொடியும் ஒரு கறிவேப்பிலை மரமும் மட்டும். 2021இல் ஊரடங்கில் அடைந்து கிடந்த சலிப்பில், அந்த மூலையில் 6 அடி நீளம், 4 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் ஒரு தொட்டி கட்டுவித்தேன். 60 கன அடி. கன அடிக்கு 28.3 லீற்றர் வீதம் ஏறத்தாழ 1,700 லீற்றர். உங்கள் தொட்டிக்கும் இந்தக் கணக்கைப் போட்டுச் சுவரில் எழுதிவையுங்கள். மீன் எத்தனை, உப்பு எவ்வளவு, பம்ப் எந்த அளவு என்பதெல்லாம் இந்த எண்ணிலிருந்துதான் வரும். நான் அதைச் செய்யவில்லை. 20 தங்கமீனும் 4 கொய் மீனும் ஒரே மாலையில் வாங்கிவந்து விட்டேன். எட்டாம் நாள் எஞ்சியவை ஐந்து. ஒவ்வொரு ஞாயிறும் நீரை முழுதாக வெளியேற்றி, சுவரைத் தும்புத் தூரிகையால் தேய்த்து, குழாய் நீரால் நிரப்பினேன். தொட்டி பளபளத்தது. மீன் குறைந்துகொண்டே போனது.

மாமி இதைப் பின்வாசற்படியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர் யாழ்ப்பாணத்துக் கிணற்றடியில் வளர்ந்தவர். தங்கள் வீட்டுக் கிணற்றிலும் மீன் கிடந்தது, அதற்கு யார் தீனி போட்டார்கள், யார் சுவரைத் தேய்த்தார்கள், வருடத்தில் ஒருநாள் இறைத்துச் சேறு எடுப்பதோடு சரி என்றார். அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதெல்லாம் அந்தக் கிணற்றுக்குள்ளேயே இருந்தது: நிறைய நீர், நாலைந்து மீன், நிழல், வழுவழுத்த சுவர்.

அந்த வழுவழுப்பைத்தான் நாம் அழுக்கு என்று நினைக்கிறோம். மீனின் கழிவில் பெரும்பங்கு அமோனியாவாகச் செவுள் வழியே நீரில் கலக்கிறது. கண்ணாடிபோல் தெளிந்த நீரிலும் அது மீனைக் கொல்லுமளவு இருக்கலாம். ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக மாற்றும். அதை மீன் தாங்கும், செடிகள் உண்ணும். இந்த இரண்டு கூட்டமும் நீரில் மிதந்து திரிவதில்லை. சுவரிலும் கல்லிலும் வடிகட்டியின் உள்ளேயும் படலமாக ஒட்டி வாழ்கின்றன. புதுத் தொட்டியில் அவை போதிய அளவு பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். ஞாயிறுதோறும் தேய்ப்பவருக்கு அந்த ஆறு வாரம் ஒருபோதும் முடிவதில்லை.

கொழும்பின் வெப்பத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அமோனியா எவ்வளவு நஞ்சாகும் என்பதை நீரின் காரத்தன்மையும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 பாகை வெப்பத்தில், பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; ஏறினால் காரம் கூடும்) 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் நஞ்சு வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் ஏழு சதவீதத்துக்கு மேல். 9 ஆனால் நாற்பதைத் தாண்டிவிடும். பாசி நிறைந்த பச்சை நீரில் மதிய வெயிலில் பி.எச். ஏறும். காலையில் நலமாக நீந்திய மீன் பிற்பகல் மூன்று மணிக்குக் கவிழ்வதற்கு இது ஒரு காரணம். புதிய சீமெந்து வேறு சுண்ணாம்பைக் கசியவிட்டு அளவை 10க்கு மேல் கொண்டுபோகும். அதனால்தான் நம்மவர்கள் புதுத் தொட்டியில் வாழைத்தண்டை வெட்டிப்போட்டு, நீரை மாற்றி மாற்றி இரண்டு மூன்று வாரம் ஊறவைக்கிறார்கள். நீங்கள் அதைச் செய்யவில்லையென்றால் அங்கிருந்தே தொடங்க வேண்டும். பி.எச். பார்க்கும் தாள்பட்டையும் அமோனியா, நைத்திரைற்று பார்க்கும் சொட்டு மருந்துப் பெட்டியும் மீன் கடைகளில் கிடைக்கும். கடைக்காரர் காட்டும் நீல மருந்துக் குப்பிகளை விட்டுவிட்டு அந்தப் பணத்தில் இவற்றை வாங்குங்கள்.

தொட்டி ஊறிக் கழுவி முடிந்ததும் ஐந்தாறு கப்பி மீன்களை மட்டும் விட்டுக் காத்திருங்கள். அமோனியாவும் நைத்திரைற்றும் ஏறி, இறங்கி, இரண்டும் பூச்சியத்துக்கு வரும்வரை வேறு மீன் வேண்டாம். நைத்திரைற்று ஏறும் நாட்களில் 1,000 லீற்றருக்கு ஒரு கிலோ கணக்கில் அயடின் சேராத உப்பை வாளியில் கரைத்து ஊற்றினால், செவுள் வழியே நைத்திரைற்று உள்ளே போவதை அது பெருமளவு தடுக்கும். பிறகும் நாலு நாலாகவே மீன் சேர்க்க வேண்டும். புதியவற்றை இரண்டு வாரம் தனிப் பேசினில் வைத்து, வெண்புள்ளி நோயோ, நங்கூரப் புழு என்ற ஒட்டுண்ணியோ இல்லையென்று பார்த்த பிறகே தொட்டிக்குள் விடுங்கள். இந்த ஒன்றில் நான் இன்னும் சோம்பேறி. அதற்குரிய தண்டனையும் கிடைத்திருக்கிறது.

குழாய் நீருக்கு வருவோம். களனி ஆற்று நீரை அம்பத்தளையில் சுத்திகரித்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் நமக்கு அனுப்புகிறார்கள். எங்கிருந்து வந்தாலும் அதில் குளோரின் உண்டு. நமக்குப் பாதுகாப்பான அதே குளோரின் மீனின் செவுளை எரிக்கும், மேலே சொன்ன பற்றீரியாவையும் கொல்லும். வாரம் ஒருமுறை பத்து முதல் இருபது சதவீத நீரை மட்டும் அடியிலிருந்து எடுத்துவிட்டு, பீப்பாயில் இரண்டு நாள் திறந்துவைத்த நீரை ஊற்றுங்கள். அவசரமென்றால் கடையில் விற்கும் குளோரின் நீக்கித் துளிகள் போதும்.

ஆனால் அந்தப் பீப்பாயைக் கவனியுங்கள். ஒருநாள் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் டெங்குப் பரிசோதனைக்கு வந்தார். நான் பெருமையோடு தொட்டியையும் அதிலிருந்த கப்பிகளையும் காட்டினேன். தலையாட்டிவிட்டு நேராகப் பீப்பாய்க்குப் போய் டோர்ச் அடித்தார். உள்ளே நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. மாமியின் முன்னால் நான் கூனிக்குறுகி நின்றேன். முட்டை நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். 2017இல் இலங்கையில் 180,000க்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள் என்பதை நினைத்தால் அவருடைய கடுமையில் பிழை சொல்ல முடியாது. இப்போது பீப்பாயின் வாயில் நுளம்பு வலையை இறுக்கிக் கட்டியிருக்கிறேன். தேவைக்கு மேல் நீர் பிடித்துவைப்பதும் இல்லை. மீன் உள்ள தொட்டியில் ஆபத்து குறைவு. அதைச் சுற்றிக் கிடக்கும் வாளி, மூடி, செடிச் சட்டித் தட்டு இவற்றில்தான் இருக்கிறது.

தீனி விடயத்தில் மாமியின் கட்சியில் முழுதாகச் சேர்ந்துவிட்டேன். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு, நாளுக்கு ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை. ஊருக்குப் போகிறீர்களா? நாலைந்து நாள் பட்டினி கிடந்தாலும் வளர்ந்த மீனுக்கு ஒன்றும் ஆகாது. பக்கத்து வீட்டாரிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து. பாண் துண்டு, மிஞ்சிய சோறு எதுவும் வேண்டாம். அடியில் கிடந்து அழுகி ஒட்சிசனைக் குடிக்கும்.

ஒட்சிசன் என்றதும் எனக்கு 2022 மார்ச் மாத இறுதி நினைவுக்கு வருகிறது. நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. அதற்குள் தொட்டியும் வடிகட்டியும் சீராகி, பெரிதாக வளர்ந்த தங்கமீன்கள் ஒன்பது இருந்தன. வெதுவெதுப்பான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும்: 20 பாகையில் லீற்றருக்கு 9.1 மில்லிகிராம், 30 பாகையில் 7.5. இரவில் பாசியும் செடியும்கூட ஒட்சிசனை எடுப்பதால் விடியற்காலையில்தான் அளவு மிகக் குறைந்திருக்கும். மீன் மேலே வந்து வாய் பிளந்தால் அது பசியல்ல, மூச்சுத்திணறல். நான் வாளியால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றிச் சமாளித்தேன். மீன்கள் தப்பின. மின்சாரம் வந்ததும்தான் தவறு செய்தேன். மூடிய வடிகட்டிக்குள் பல மணி நேரம் தேங்கிய நீரில் பற்றீரியா மூச்சடைத்துச் செத்திருந்தது. பம்பைப் போட்டதும் அந்த நாற்றநீர் அப்படியே தொட்டிக்குள் பாய்ந்தது. அடுத்த நாள் மூன்று மீனைக் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தேன். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு வடிகட்டியைத் திறந்து, உள்ளிருக்கும் நீரைக் கொட்டிவிட்டு, தொட்டி நீராலேயே ஒருமுறை அலசிய பின் இயக்குங்கள். பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்ப் ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.

வடிகட்டிக்குப் பெரிய செலவு தேவையில்லை. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி, பாத்திரம் தேய்க்கும் நைலோன் வலைகள், உடைத்த செங்கல். அடியில் நீர் நுழைந்து மேலே வழிய வேண்டும். தொட்டி நீர் முழுதும் இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை சுற்றிவருமளவு பம்ப் போதும். 25 வாட் பம்ப் இரவுபகலாக ஓடினால் மாதம் 18 அலகு. மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் தொட்டிக்குள் பம்ப் இறக்கவே வேண்டாம்.

பச்சை நீரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது ஒற்றைக்கலப் பாசி. வெயிலும் நைத்திரேற்றும் கிடைக்குமட்டும் வளரும். நீரை மாற்றினால் மறுவாரம் திரும்பிவரும். மேற்பரப்பில் பாதிக்குமேல் நிழல் விழச் செய்யுங்கள். சட்டியில் களிமண் இட்டு, மேலே சரளை பரப்பி, ஓர் அல்லி வையுங்கள். வெயில் போதிய அளவு விழுந்தால் நீலோற்பலமே வைக்கலாம். வேலம்பாசி ஒரு பிடி போட்டால் பாசிக்குரிய உணவை அது எடுத்துக்கொள்ளும். ஊதாப் பூவுக்கு ஆசைப்பட்டு ஆகாயத்தாமரையைக் கொண்டுவராதீர்கள். 1909இலேயே அதைத் தடுக்கவென்று தனிக் கட்டளைச் சட்டம் போட்ட நாடு இது. நீரில் மிதந்து பரவும் சல்வீனியாக் களையும் 1939இல் தாவரவியல் தேவைக்காகக் கொழும்புக்குக் கொண்டுவந்ததுதான், பிறகு வயல்களிலும் நீர்நிலைகளிலும் பரவியது. இதே காரணத்துக்காகச் சலித்துப்போன மீனைக் கால்வாயில் விடவும் கூடாது, ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கும் முட்தோல் மீனை முக்கியமாக.

மழைக்காலத்தில் வேறு கவலை. வானத்து நீரில் காரத்தன்மையைத் தாங்கிப்பிடிக்கும் உப்புகள் இல்லை. பெருமழை தொடர்ந்தால் பி.எச். சட்டென்று விழும். வலைப்பையில் சிப்பி ஓடுகள் கட்டி வடிகட்டிக்குள் போட்டிருக்கிறேன், மெல்லக் கரைந்து காக்கிறது. வழிந்தோடும் குழாய் ஒன்றும் வலையோடு வையுங்கள். ஓர் ஒக்டோபர் மழையில் என் கப்பிகள் முற்றத்தில் நீந்தின.

கொய் மீன் வேண்டாம். இரண்டு அடி வளரக்கூடிய மீனுக்கு நம் தொட்டி கைகழுவும் பாத்திரம். 1,500 லீற்றருக்கு ஐந்தாறு தங்கமீனும் ஒரு கூட்டம் கப்பியும் போதும். அதற்குமேல் வைத்தால் கிணற்றைவிட்டு மீன் சந்தைக்கு வந்துவிடுவீர்கள்.

மேலே வலை கட்ட மறக்காதீர்கள். எங்களுக்குக் கால்வாய்ப் பக்கமிருந்து கபரகொய்யா (நீர் உடும்பு) வருகிறது. மீன்கொத்தி காலை ஆறரைக்குச் சரியாக மதிலில் அமர்கிறது. ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற ஊர் கொழும்பு; சதுப்பு நிலத்தை ஒட்டிய வீடுகளில் மீன்பிடிப் பூனையே தொட்டி தேடி வரலாம். வந்தால் ஒரு மீனைக் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்வேன். எனக்கு இன்னும் அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

இப்போது உங்களிடம் மிஞ்சியிருக்கும் மீன்களுக்கு: இன்று தீனியை நிறுத்துங்கள், தூரிகையை எடுத்து வையுங்கள், குளோரின் நீக்கிய நீரால் ஐந்திலொரு பங்கை மாற்றுங்கள், பிற்பகல் இரண்டு மணிக்கு பி.எச். பாருங்கள். அந்த எண்ணையும், தொட்டியின் அளவையும், எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்பதையும் எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.