கினோவா கசக்கிறதே!

கேள்வி: சர்க்கரை இருப்பதால் மகள் கினோவா என்ற தானியம் போன்ற விதையை வாங்கித் தந்தாள். சமைத்தால் கசக்கிறது, குழைந்தும் போகிறது. என்ன செய்வது?
- வாசகி, திருமங்கலம்

பதில்: கசப்பு மேல்தோலில் இருக்கும் சாப்போனின் என்ற, நுரைக்கும் கசப்புப் பொருளால் வருவதுதான் அம்மா, நுரை அடங்கும்வரை தண்ணீர் மாற்றி மாற்றி, கண் சிறிய வடிகட்டியில் தேய்த்துக் கழுவுங்கள். 1 கப்புக்கு 2 கப் தண்ணீர், சிறு தீயில் மூடி 15 நிமிடம், அப்புறம் இறக்கி 5 நிமிடம் கிளறாமல் விட்டால் உதிரியாக வரும். சின்ன வெங்காயமும் முருங்கைக்கீரையும் தாளித்துப் புரட்டினால் அருமை. சமைக்காத 100 கிராமில் சுமார் 14 கிராம் புரதம் உண்டு, ஆனால் மாவுச்சத்து 60 கிராமுக்கு மேல், அதனால் அளவு முக்கியம். பெரு, பொலிவியா மலைப்பயிர் என்பதால் விலையும் அதிகம். நம்ம பேரையூர்ப் பக்கம் விளையும் குதிரைவாலியையும் மாற்றி மாற்றிச் சமையுங்களேன்.