காபியில் கலந்த மாத்திரை

அன்புள்ள ஐயா,

என் கணவர் 28 நாள் குடிநோய் சிகிச்சை முடிந்து போன வாரம் வீடு திரும்பினார். இன்னும் பத்து நாளில் நாத்தனார் மகள் கல்யாணம். பழைய சேக்காளிகள் எல்லாரும் மண்டபத்தில் இருப்பார்கள். அழைத்துப் போகலாமா? சரியாகத் தூங்குவதில்லை. சொந்தக்காரர் ஒருவருக்குக் குடியை நிறுத்த எழுதித் தந்த டைசல்ஃபிராம் மாத்திரை மீதி இருந்ததால், மாமியார் அதைப் பொடித்து இவருக்குத் தெரியாமல் காலைக் காபியில் கலந்து கொடுக்கிறார். மற்றபடி நன்றாக இருக்கிறார்.

ஒரு வாசகி, திருப்பூர்

அன்புள்ள சகோதரி,

கல்யாணம் இருக்கட்டும். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே அந்தக் காபி, அதை முதலில் நிறுத்துங்கள். ‘குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்’ என்ற விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் இதை எழுத வேண்டும் என்று நினைப்பேன். உங்கள் கடிதம் எழுத வைத்துவிட்டது.

சாராயம் ஈரலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாகிறது. பிறகு அசிட்டேட்டாக மாறி அடங்குகிறது. டைசல்ஃபிராம் அந்த இரண்டாம் படியை அடைத்துவிடும். மாத்திரை உடம்பில் இருக்கும்போது கொஞ்சம் குடித்தாலும் அரை மணிக்குள் முகமும் கழுத்தும் செக்கச்சிவக்கும், நெஞ்சு படபடக்கும், மண்டை இடிக்கும், வாந்தி வரும். ரத்த அழுத்தம் சரியும். இதயம் பலவீனமானவர் செத்தும் போகலாம். தெரிந்து சாப்பிடுகிறவர் இதற்குப் பயந்து கிளாஸைத் தொடமாட்டார். அந்தப் பயம்தான் மருந்து. தெரியாதவருக்கு எங்கிருந்து வரும் பயம்? அவர் குடித்துவிட்டு விழுந்தால், ‘என்ன மருந்து சாப்பிடுகிறார்’ என்று டாக்டர் கேட்கும்போது உங்கள் வீட்டில் யார் வாய் திறப்பார்கள்? அடுத்தவருக்கு எழுதிய மாத்திரையை, ஈரல் எப்படி இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் கொடுப்பது பாசமா? அந்த மாத்திரையே சிலருக்கு ஈரலைக் கெடுக்கும்.

இன்னொன்று. அது தண்ணீரில் கரையாது. காபி குடித்து முடித்த டம்ளரைச் சாய்த்துப் பாருங்கள், அடியில் வெள்ளை வண்டலாக ஒட்டியிருக்கும். ஒரு நாள் அவரும் பார்ப்பார். அன்றிலிருந்து உங்கள் கைச் சோற்றைக்கூடச் சந்தேகத்தோடுதான் பிசைவார்.

சத்தம் போடாமல் நிறுத்திவிடலாம் என்று நினைக்காதீர்கள். கடைசி மாத்திரைக்குப் பிறகும் 14 நாள் வரை அது வேலை செய்யும். கல்யாணத்தன்றும் உடம்பில் இருக்கும். ஆகவே இன்றைக்கே, மாமியாரையும் வைத்துக்கொண்டு, அவரிடம் சொல்லிவிடுங்கள். கோபப்படுவார், படட்டும். மாமியாரைத் திட்டாதீர்கள், பெற்ற வயிறு பயந்துபோய்ச் செய்திருக்கிறது. இருமல் டானிக், தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்கள், சவரம் செய்தபின் பூசும் லோஷன் எல்லாவற்றிலும் ஆல்கஹால் இருக்கலாம் என்பதையும் சொல்லுங்கள். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் வாங்கிப் போட்டுவிடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் புத்தி பேதலிக்கும்.

பிறகு சிகிச்சை கொடுத்த டாக்டரிடம் போய் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். ஈரலையும் இதயத்தையும் சோதித்து, இதே மாத்திரை அவருக்குச் சரிப்படும் என்று அவர் சொல்லி, உங்கள் கணவரும் சம்மதித்தால், காலையில் அவரே கையில் எடுத்து உங்கள் எதிரில் போட்டுக்கொள்ளட்டும். வழக்கமாக 250 மில்லிகிராம் எழுதுவார்கள்.

தூக்கம் மெல்லத்தான் திரும்பும், சிலருக்கு மாதக்கணக்காகும். மெடிக்கலில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்காதீர்கள், அது இன்னொரு பழக்கமாகிவிடும். டாக்டர் தந்த தயமின் என்ற வைட்டமின் பி1 மாத்திரை ஒரு நாளும் தவறக் கூடாது. குடிக்காமலே நடை தள்ளாடி, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்து, பேச்சும் குழம்பினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பழைய குடியை அங்கே கட்டாயம் சொல்லுங்கள். தயமின் ஊசி போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்கு ஆபத்து கூடும். சாயங்காலம் ஐந்தரைக்குள் சுண்டலோ இட்லியோ வயிற்றில் விழட்டும். வெறும் வயிறும் அந்த நேரமும் சேர்ந்தால்தான் கால் கடைப்பக்கம் இழுக்கும்.

கல்யாணமா? முதல் நாள் ராத்திரி மண்டபத்தில் தங்க வேண்டாம். முகூர்த்தத்துக்குப் போய், முதல் பந்தியில் சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு இருவரும் ஒன்றாகவே கிளம்பிவிடுங்கள்.