சீனர்கள் நம்மைவிடச் சிக்கனமா?

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படிக்கும் என் மகன், இந்தியாவைவிடச் சீனாவில் சேமிப்பு விகிதம் எப்போதும் அதிகம் என்கிறான். நகை, சீட்டு, நிலம் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்ப்பவர்கள் நாம். அவர்கள் நம்மைவிடவா சிக்கனம்?
– வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: உங்கள் மகன் சொல்வது சரிதான் அம்மா. 1980-களின் தொடக்கத்தில் நம் மொத்தச் சேமிப்பு, ஜிடிபியில், அதாவது நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பில், 20 சதவீதத்துக்கும் கீழே. சீனா அப்போதே 30-ஐத் தாண்டியிருந்தது. 2007-08-ல் நாம் 37-ஐ நெருங்கினோம். அதே சமயத்தில் அவர்கள் 50-ஐத் தாண்டிவிட்டார்கள். இப்போது நாம் 30-ஐ ஒட்டி நிற்கிறோம், அவர்கள் 45-ஐ ஒட்டி.

ஆனால் இதைச் சிக்கனத்தின் அளவாகப் பார்க்க வேண்டாம். தேசியச் சேமிப்பில் குடும்பங்கள், நிறுவனங்கள், அரசு மூன்றும் சேரும். நம் நாட்டில் பெரும்பங்கு குடும்பங்களுடையது. சீனாவில் நிறுவனங்கள் ஒதுக்கி வைக்கும் லாபமும் பெரிய தொகை. 1994 முதல் 2007 வரை அங்கே அரசு நிறுவனங்கள் லாபத்தில் பங்கு எதையும் அரசுக்குத் தரவில்லை, தாங்களே வைத்துக்கொண்டன.

சரி, சீனக் குடும்பங்கள் ஏன் அவ்வளவு சேமித்தன? எனக்குத் தெரிந்த பெரிய காரணம் பயம். கம்யூன்கள் என்ற கிராமத்துக் கூட்டுப் பண்ணை அமைப்புகள் கலைந்தபோது கிராமத்து மருத்துவ ஏற்பாடும் அவற்றோடு போனது. 2003-ல்தான் கிராமங்களுக்குப் புதிய மருத்துவக் காப்பீடு தொடங்கியது. 1990-களின் கடைசியில் அரசு ஆலைகளில் கோடிக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். வீட்டுக்கு ஒரே பிள்ளை. முதுமையில் யாரை நம்புவது?

இந்தப் பயம் எனக்குப் பழக்கமானது. முப்பது வருஷம் வங்கியில் டெபாசிட் பிரிவில் இருந்தேன். பஞ்சாலையில் வேலைபார்த்த ஓர் அம்மா, மகள் கல்யாணத்துக்குப் போட்டிருந்த ஃபிக்ஸட் டெபாசிட்டைக் கணவரின் ஆபரேஷனுக்காகப் பாதியிலேயே எடுத்தார். அடுத்த மாதம் வந்து மாதாமாதம் ஐநூறு ரூபாய் கட்டும் ஓர் ஆர்.டி. தொடங்கினார். அவர் கட்டிய ஒவ்வொரு ரூபாயும் தேசியச் சேமிப்பில் ஏறியிருக்கும். ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றிய கவலை இல்லாதிருந்தால், அந்தப் பணத்தில் கொஞ்சமாவது பால், பழம் என்று வீட்டுக்குப் போயிருக்கும். அதனால்தான் உயர்ந்த விகிதத்தைக் கண்டு என்னால் சும்மா மகிழ முடிவதில்லை.

நகையைக் கேட்டீர்களே, அதுவும் நம் கணக்கில் குடும்பச் சேமிப்பாகவே வருகிறது. வீடு கட்டுவதும் அப்படித்தான். எனக்குக் கவலை தருவது வேறு: டெபாசிட், காப்பீடு, பங்கு போன்றவற்றில் போட்டதிலிருந்து கடனைக் கழித்தபின் குடும்பங்கள் கையில் மிஞ்சும் நிதிச் சேமிப்பு. 2020-21-ல் ஜிடிபியில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2022-23-ல் 5 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது. கொரோனா சமயத்தில் செலவுக்கு வழியில்லாமல் சேர்ந்த பணம் முதல் எண்ணை உயர்த்தியது உண்மை. அப்புறம் கடன் வேகமாக ஏறியதும் உண்மை.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். தேர்வில் ‘உள்நாட்டுச் சேமிப்பு’, ‘தேசியச் சேமிப்பு’ இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். துபாயிலிருந்து ஒருவர் வீட்டுக்கு அனுப்பும் பணம் தேசியக் கணக்கில்தான் வருமானமாகச் சேரும், உள்நாட்டுக் கணக்கில் சேராது. இரண்டு நாடுகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே கணக்கை எடுத்திருக்கிறார்களா என்று அட்டவணையின் தலைப்பை முதலில் பார்க்கட்டும்.