எல். ஃபிராங்க் பாமின் கதைகளில் வரும் ஓஸ் என்ற மாய நாட்டை டேபிள்டாப் ரோல்பிளே (மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் ஆட்டம்) களமாக மாற்றுவது எப்படி?

வரைபடம் கையிலேயே இருக்கிறது, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம்: கிழக்கே நீல மன்ச்கின், மேற்கே மஞ்சள் விங்கி, தெற்கே சிவப்பு குவாட்லிங், வடக்கே ஊதா கில்லிகின், நடுவில் மரகத நகரம், சுற்றிலும் கொடும் பாலைவனம்.

சிக்கல் சண்டையில்தான். பாம் எழுதிய பிந்தைய ஓஸ் நூல்களில் யாரும் சாவதில்லை. அதனால் வழக்கமான ஹிட் பாயின்ட் முறையை (அடிபட அடிபடக் குறையும் உயிர்ப் புள்ளிகள்) அப்படியே வைத்தால் ஆட்டத்தில் பதற்றமே இருக்காது. பூஜ்ஜியத்தைத் தொட்டவர் 6 விளைவுகள் கொண்ட அட்டவணையில் பகடை உருட்டட்டும்: பொம்மையாக மாறுதல், கை கழன்றுபோதல், பெயர் மறத்தல் என்று. ஒவ்வொன்றையும் நீக்க ஒரு தனிப் பயணம் தேவைப்பட வேண்டும். ஓய்வெடுத்தாலே சரியாகிவிடும் என்றால் பயம் போய்விடும்.

ஓஸின் அரசி ஓஸ்மாவின் ஆட்சியில் அனுமதி பெற்ற சிலரைத் தவிர மற்றவர்கள் மந்திரம் செய்வது சட்டவிரோதம். ஆக, மந்திரவாதி பாத்திரம் எடுப்பவர் முதல் ஆட்டத்திலிருந்தே தலைமறைவு! கதைகளின் நாயகியான சிறுமி டொரோத்தியைக் குழுவோடு அனுப்பாதீர்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகிவிடுவார்கள்.