வசனம் ஏன் இடதுபக்கம் ஒட்டுகிறது?

கேள்வி: ஃபவுண்டன் முறையில் (வெறும் எழுத்துக் கோப்பில் சில குறிகள் போட்டுத் திரைக்கதையை வடிவமைக்கும் முறை) குறும்படத் திரைக்கதை எழுதுகிறேன். பாத்திரப் பெயரும் வசனமும் நடுவில் வராமல், விவரணை மாதிரி இடதுபக்கமே நிற்கின்றன. ஏன்?
- வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை. பெயர் முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தால்தான் அது பாத்திரம் என்று ஃபவுண்டனுக்குப் புரியும். தமிழில் பெரிய எழுத்துக்கு எங்கே போவது? பெயருக்கு முன்னால் @ போடுங்கள்.

@செல்வி
(தறியை நிறுத்தாமல்)
இழை அறுந்துபோச்சுங்கண்ணா.

பெயருக்கு மேலே ஒரு வரி காலியாக இருக்கட்டும், கீழே கூடாது. கீழே காலி வரி விட்டால் வசனம் மறுபடி விவரணையாகிவிடும். நான் ஒரு காலத்தில் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டியே வசனத்தை நடுவுக்குத் தள்ளியவன். எழுத்துருவை மாற்றினேன், அத்தனை பக்கமும் கலைந்தது. ஏற்காட்டில் ஒரு ஞாயிறு முழுக்க அதைச் சரிசெய்வதிலேயே போயிற்று.

அடைப்புக்குறிக் குறிப்பை எல்லா வசனத்துக்கும் போடாதீர்கள். நடிகருக்கும் கொஞ்சம் வேலை வையுங்கள். காட்சித் தலைப்பைத் தமிழில் எழுதினால் முன்னால் ஒரு புள்ளி: '.உள்ளே - தறிக்கூடம் - இரவு'.

அப்புறம், திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்பது 12 பாயின்ட் அளவு கூரியர் எழுத்துருவுக்கான தோராயக் கணக்கு. தமிழுக்கு அதை நம்பாமல், வாய்விட்டுப் படித்துக் கடிகாரத்தைப் பாருங்கள்.